கோலார் தங்கவயல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எந்த ஊர்?" என்று கேட்டு, "தங்கவயல்" என்று பதில் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "இன்னும் அங்கே தங்கம் இருக்கா?" அதோடு நிற்காது. தமிழ் எப்படி அங்கே போனது, சுரங்கத்தை ஏன் மூடினார்கள், மறுபடியும் திறப்பார்களா என்று பேச்சு நீளும். பல வருஷமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தங்கவயல் எங்கே இருக்கிறது?

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டின் எல்லையும் பக்கம்தான். கோலார் என்ற பெயரைக் கேட்டு கோலார் நகரத்தில் போய் இறங்கி ஏமாந்தவர்கள் உண்டு. அது வேறு ஊர். தங்கவயலுக்குப் பங்காருப்பேட்டை ஜங்ஷனில் கிளை பிரியும் ரயில் பாதையில் வர வேண்டும். 1894-ல் போட்ட அந்தப் பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது.

உண்மையில் இது ஒரே ஊர் கிடையாது. மாரிகுப்பம், உரிகம் போன்ற பழைய கிராமங்களைச் சுற்றிச் சுரங்கங்கள் எழுந்தன. சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் மைன், பாலாகாட் என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு குடியிருப்பு. கடைகண்ணிக்கு ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. எல்லாம் சேர்ந்ததைத்தான் கே.ஜி.எஃப். (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) என்கிறார்கள். தமிழில் எங்களுக்கு அது தங்கவயல்.

இங்கே தங்கம் இருப்பதை வெள்ளைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்களா?

இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே மண்ணை அரித்துத் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1802-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி மைசூர் எல்லையை அளக்க வந்தபோது இதைக் கேள்விப்பட்டார். உரிகம், மாரிகுப்பம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அரித்துக் காட்டினார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் ஆழமாக வெட்டிப்போட்ட குழிகளும் இருந்தன. பின்னால் வந்த கம்பெனிகள் பல இடங்களில் அந்தப் பழங்குழிகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்கின. புத்தகங்களில் வாரன் பெயர் இருக்கிறது. மண் அரித்துக் காட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் கம்பெனி எப்படி வந்தது?

பெங்களூர் கண்டோன்மெண்டில் குடியிருந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரரில் இருந்து தொடங்க வேண்டும். நியூசிலாந்தில் நடந்த சண்டையில் இருந்துவிட்டு வந்த ஓய்வுபெற்ற சிப்பாய் அவர். அங்கே தங்கம் தோண்டுவதைப் பார்த்திருந்தார். வாரன் எழுதியதைப் படித்துவிட்டு மாட்டு வண்டியில் கோலாருக்குக் கிளம்பினார். 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார், 1875-ல் குத்தகை கிடைத்தது. பூமிக்குள் இறங்குவதற்குக் கையில் இருந்த காசு போதவில்லை. இரண்டே வருஷத்தில் உரிமையை வேறு ஆட்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். பெங்களூரின் லாவெல் ரோடு அவர் பெயரில் இருப்பதுதான்.

1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. முதல் சில வருஷம் அவர்களுக்கும் சோதனைதான். மூடிவிட்டுப் போய்விடலாமா என்ற நிலையில், பழங்குழிகள் இருந்த இடத்தில் ஆழமாக இறங்கியபோது சாம்பியன் லோடு என்ற வளமான படிகக்கல் ரேகை (பாறைக்கு நடுவே தங்கம் கலந்து ஓடும் அடுக்கு) அகப்பட்டது. அதன் பிறகு வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. நிர்வாகம் எல்லாம் டெய்லர் கையில். இங்கிலாந்தின் கார்ன்வாலில் தகரச் சுரங்கங்கள் நொடித்துப்போன நேரம் அது. அங்கிருந்து மேஸ்திரிகளும் அதிகாரிகளும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள்.

மைசூர் ராஜ்யத்தில் இருந்த ஊரில் இத்தனை தமிழர்கள் எப்படி?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம், நம்மவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கிராமங்கள் அதில் காய்ந்து போயின. அங்கெல்லாம் நிலம் ஒருத்தர் கையில், உழைப்பு இன்னொருத்தர் கையில். நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். கூலி தானியமாக வரும், சில நாள் அதுவும் வராது. இந்த நேரத்தில்தான் தங்கவயலில் ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். கூலி காசாகக் கிடைக்கும் என்று ஆள்கட்டிகள் ஊர் ஊராக வந்து சொன்னார்கள்.

பூமிக்கு அடியில் போய்க் கல் உடைக்கும் அந்த வேலைக்குச் சுற்றுவட்டாரத்துக் கன்னட விவசாயிகள் அவ்வளவாக வரவில்லை. நிலம் வைத்திருப்பவனுக்கு அதற்கு அவசியம் என்ன? வந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடத் தமிழர்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்களும் வந்தார்கள். நல்ல காலத்தில் தொழிலாளர் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது.

அந்த வேலை உயிரை வாங்கும் வேலை. அப்படி இருந்தும் ஊர் திரும்பாமல் ஏன் இருந்தார்கள்? இங்கே யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போனார்கள், மாதம் பிறந்தால் கூலி வாங்கினார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். ஊரில் கிடைக்காத அந்த நிமிர்வுதான் அவர்களை இங்கே வேரூன்ற வைத்தது என்று நினைக்கிறேன். தங்கவயலின் வரலாறு என்று நான் சொல்வது முதலில் இதைத்தான். தங்கம் அதற்குப் பின்னால்.

பாறையிலிருந்து தங்கத்தை எப்படிப் பிரித்தார்கள்?

தங்கம் கட்டியாகக் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத துகளாக, வெள்ளைப் படிகக்கல்லுக்குள் கலந்து கிடக்கும். வெடி வைத்துத் தகர்த்த கல்லை மேலே ஏற்றி, ஸ்டாம்ப் மில்லில் மாவாக இடிப்பார்கள். அந்தக் கூழைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கும் தப்பிப் போகிற தங்கத்தைப் பிடிக்க 1890-களில் சயனைடு முறை வந்தது. சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைத்துக்கொள்ளும், மிச்ச மண்ணைக் கொட்டிவிடலாம். அப்படிக் கொட்டிய மண்தான் இன்றைக்கு ஊர் நடுவே மலை மலையாக நிற்கிறது.

சுரங்கம் எவ்வளவு ஆழம்? உள்ளே எப்படி இருக்கும்?

சாம்பியன் ரீஃபில் சுமார் 3,200 மீட்டர் வரை போனார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நேராகக் கீழே! ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் இதுவும் ஒன்று. அடிவரைக்கும் ஒரே கேஜில் (ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டில்) போக முடியாது. ஒரு ஷாஃப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியில் இறங்கி, குறுக்காக நடந்து, அடுத்த ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும்.

கீழே போகப் போகச் சூடு. மிக ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தொடும். அதற்காகவே காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பும் இயந்திரங்கள் வைத்தார்கள். இருந்தும் கோவணத்தோடு நின்று வேலை செய்ய வேண்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே வந்தால் சோதனை. கல்துண்டைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே இருந்தது. எட்டு மணி நேரம் தங்கத்தை வெட்டி எடுத்துவிட்டு வந்தவனை நிற்கவைத்து உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

'ஏர் பிளாஸ்ட்' என்கிறார்களே, அது என்ன?

ராக் பர்ஸ்ட் என்பதற்கு அந்தக் காலத்தில் இங்கே இருந்த பெயர். ஆழத்தில் பாறை மேல் இருக்கும் அழுத்தம் பயங்கரமானது. நாம் ரேகையை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கியதும், சுற்றியிருக்கும் பாறை தாங்க முடியாமல் திடீரென்று வெடித்துச் சிதறும். துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும், மேலே தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். நிலநடுக்கம் மாதிரிதான். வீட்டில் இருக்கும் பெண்கள் அதிர்வு வந்ததும் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்களாம், எந்த மட்டம், யாருடைய ஷிப்ட் என்று தெரிந்துகொள்ள.

வெட்டிய இடத்தை மரம் கொடுத்துத் தாங்கிப் பார்த்தார்கள், போதவில்லை. பிறகு கருங்கல் சுவரே எழுப்பினார்கள். இந்த அனுபவத்தின் பேரில்தான் 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் சாம்பியன் ரீஃபில் தொடங்கப்பட்டது. நாட்டின் அணைகளுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் பாறையின் நடத்தையைக் கணித்துச் சொல்லும் அறிவு பிறந்த இடங்களில் எங்கள் சுரங்கமும் ஒன்று.

தூசி நோய் பற்றி?

படிகக்கல் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தடித்துப்போகும். இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர், குணப்படுத்த முடியாது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்டது தங்கவயலில்தான். 1940-களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்! இந்த எண்ணைப் படித்த பிறகு, எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்த கிழவர்களை நான் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறேன்.

மொத்தம் எவ்வளவு தங்கம் கிடைத்தது?

1880 முதல் 2001 வரை, 120 வருஷத்தில் சுமார் 800 டன். அதற்காக வெட்டி அரைத்த கல் சுமார் 5.1 கோடி டன். தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் 3, 4 கிராமுக்கு இறங்கிவிட்டது. உச்சம் 1900-களின் முதல் பத்தாண்டு.

யாருக்குப் போனது? லண்டனில் உட்கார்ந்திருந்த பங்குதாரர்களுக்கு முதலில். மைசூர் அரசுக்கு ராயல்டி, அந்த வருமானம் சின்னத் தொகை இல்லை. மைசூர் ராஜ்யம் 'மாதிரி ராஜ்யம்' என்று பெயர் வாங்கிய காலத்தில் அதன் கஜானாவுக்குத் தங்கவயல் ஒரு முக்கியமான வரவு.

பெங்களூருக்கு முன்பே இங்கே கரண்ட் வந்ததாமே?

உண்மை. 1902-ல் காவிரி விழும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் எடுத்த முயற்சி. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கிளைக்கதை இருக்கிறது. கோடையில் காவிரியில் தண்ணீர் வற்றினால் மின்சாரமும் வற்றும். சுரங்கம் நின்றால் கம்பெனிக்கும் நஷ்டம், மைசூர் அரசுக்கும் நஷ்டம். ஆகவே வருஷம் முழுக்கச் சீராகத் தண்ணீர் விட மேலே ஓர் அணை வேண்டும் என்று மைசூர் சொன்னது. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் கட்ட முன்வைத்த காரணங்களில் தங்கவயலுக்கான மின்சாரமும் ஒன்று. தஞ்சாவூர்ப் பாசனத்தை நினைத்துச் சென்னை மாகாணம் அதை எதிர்த்தது. வாதங்கள் நீண்டு 1924 காவிரி ஒப்பந்தத்தில் முடிந்தன. இன்றைய காவிரி வழக்கின் வேரைத் தோண்டிக்கொண்டு போனால் ஒரு கிளை எங்கள் ஷாஃப்டுக்குள் இறங்கும்.

குடிக்கிற தண்ணீருக்கு வேறு ஆறு. பாலாற்றின் மேல் பகுதியில் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் போட்டார்கள்.

'லைன்' வாழ்க்கை என்பது எப்படி இருந்தது?

தொழிலாளர் குடியிருப்பு வரிசையை லைன் என்போம். முதலில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள்தான். பிறகு ஓடோ தகரமோ போட்ட ஒற்றை அறை. அதற்குள்ளேயே சமையல், படுக்கை, பிரசவம். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட் ஆட்கள் இருந்தால் ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுப்பார். குழாயும் கழிப்பிடமும் பொது.

இதற்குக் கொஞ்ச தூரத்தில் பெரிய தோட்டங்களோடு துரைமார் பங்களாக்கள், 1885-ல் ஆரம்பித்த கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று இந்த ஊருக்குப் பெயர் வந்தது அந்தப் பகுதியை மட்டும் பார்த்தவர்களால். பழைய படங்களைப் போட்டு "என்ன அழகான காலம்" என்று எழுதுகிறவர்கள் தட்டி வீட்டின் படத்தையும் கூடவே போட வேண்டும் என்பது என் ஆசை.

தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடவே இல்லையா?

போராடினார்கள். 1930 ஏப்ரலில் எல்லாத் தொழிலாளரிடமும் கைரேகை எடுத்துப் பதிவுசெய்யக் கம்பெனிகள் முயன்றன. கைரேகை எடுப்பது குற்றவாளியிடம்தானே? "நாங்கள் என்ன திருடர்களா?" என்று வேலையை நிறுத்தினார்கள். சங்கம் என்று ஒன்று முறையாக இல்லாத காலம் அது. அப்படியும் ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்துக்குள் இறங்காமல் இருந்தார்கள்.

1940-களில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், சங்கம் வலுப்பட்டது. 1946 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களை நவம்பரில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அயோத்திதாசர் இங்கே இருந்தாரா?

சாதியை எதிர்த்துத் தமிழ் பௌத்தத்தை முன்வைத்த சிந்தனையாளரான அவர் சென்னையில் இருந்தார். அவருடைய சிந்தனைக்கு மிக உறுதியான தளம் கிடைத்தது தங்கவயலில். அவர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் மாரிகுப்பம் கிளை மிகவும் சுறுசுறுப்பான கிளைகளில் ஒன்று. அவருடைய 'தமிழன்' பத்திரிகையை நிதி கொடுத்துத் தாங்கியவர்களில் சுரங்கத் தொழிலாளர்களும் உண்டு. அவர் 1914-ல் மறைந்தார். பின்பு நின்றுபோன பத்திரிகையை 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் இருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். ஆண்டர்சன்பேட்டையில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது. இன்று பல்கலைக்கழகங்களில் அவரைப் படிக்க முடிகிறது என்றால், பகலெல்லாம் பூமிக்குள் கல் உடைத்துவிட்டு மாலையில் சந்தா கட்டிய மனிதர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. இந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பெருமையான விஷயம் எது என்று கேட்டால் 800 டன்னைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அம்பேத்கர் 1954-ல் இங்கே வந்தார். அரசியலிலும் அந்தத் தடம் தெரியும். குடியரசுக் கட்சி, மார்க்சிஸ்ட் என்று இந்தத் தொகுதியில் ஜெயித்த கட்சிகள் பல. 1989-லும் 1999-லும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. உறுப்பினரையே அனுப்பிய ஊர் இது.

சுரங்கத்துக்குள் விஞ்ஞானிகளுக்கு என்ன வேலை?

ஆழம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. விண்ணிலிருந்து சதா பொழிகிற துகள்கள் பூமியின் மேற்பரப்பில் இருக்கும் கருவிகளைக் குழப்பும். இரண்டு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் போனால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ மட்டும் அங்கேயும் வரும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சாம்பியன் ரீஃபில் கருவிகளை வைத்தது. 1965-ல் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் பிடித்தது, அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள்தான். 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனையும் இங்கே நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள். தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்று பேச்சு எழுந்து எதிர்ப்பு நடந்ததே, அந்தத் திட்டத்தின் முன்கதை எங்கள் ஊரில் இருக்கிறது.

ஏன் மூடினார்கள்? நஷ்டம் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைக் கம்பெனிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதற்குள் வளமான பகுதியை எல்லாம் அவர்கள் எடுத்து முடித்திருந்தார்கள். 1962-ல் மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது.

நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்த காலத்தில் இங்கே எடுத்த தங்கம் சந்தைக்குப் போகவில்லை. அவுன்ஸுக்கு 35 டாலர் என்று இருந்த சர்வதேச அதிகாரபூர்வ விலையை ஒட்டி அரசுக்கே போனது. உள்நாட்டுச் சந்தையில் விலை அதைவிட எவ்வளவோ அதிகம். சந்தை விலைக்கு விற்றிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்ட நேரத்தில் தங்கவயல் குறைந்த விலைக்குத் தங்கம் கொடுத்தது, அதன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் நஷ்டம் என்று ஏறியது. தொழிலாளர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு டன் கல்லை மேலே கொண்டுவந்து, அதில் மூன்று கிராம் தங்கம் எடுத்தால் செலவு கட்டாது. தண்ணீரை இறைக்க வேண்டும், காற்றைக் குளிரவைக்க வேண்டும். இதே கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம் இன்றும் ஓடுகிறது, அதற்கு இவ்வளவு ஆழச் சுமை இல்லை. 1992-ல் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் தங்கவயல் விவகாரம் போனது. 2000-ல் மூடச் சொன்னது வாரியம். 2001 பிப்ரவரி 28 கடைசி நாள்.

கடைசியில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள்?

சுமார் 3,500 பேர். ஆனால் அந்த எண்ணை வைத்து அளக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், தண்ணீர், தெருவிளக்கு எல்லாமே சுரங்கத்தைச் சார்ந்தே நடந்தன. சம்பள நாளை நம்பித்தான் பேட்டையில் மளிகைக்கடை முதல் ஜவுளிக்கடை வரை இருந்தன. சங்கு நின்ற அன்றைக்கு எல்லாம் சேர்ந்து நின்றன. பம்புகள் ஓயவும் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

இப்போது மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

ரயிலில்.

விடிவதற்கு முன்பே மாரிகுப்பம், சாம்பியன், உரிகம் ஸ்டேஷன்களில் கூட்டம் நிற்கும். ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூர் போய் வருகிறார்கள்: கட்டட வேலை, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, கடை, இப்போது படித்த பிள்ளைகள் ஐ.டி. கம்பெனிக்கும். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பா முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ரயில் பெட்டிக்குள்ளேயே சீட்டுக் கட்டுகிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், பெண் பார்க்கும் பேச்சு நடக்கிறது. தாத்தா கேஜில் கீழே இறங்கினார், பேரன் ரயிலில் மேற்கே போகிறான்.

ஊருக்குள்ளே 1964-ல் தொடங்கிய பெமல் ஆலைதான் பெரிய வேலை தரும் இடம். மண்வாரி இயந்திரங்கள் செய்கிறார்கள். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது, அதை நம்பித் தொழிற்பேட்டை வரும் என்று பேச்சு. 2011 கணக்கில் நகரத்தின் ஜனத்தொகை 1.6 லட்சத்துக்கு மேல். சிலர் எழுதுவதுபோல் இது 'பேய் நகரம்' கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

சயனைடு மலை ஆபத்தானதா?

அரைத்த மண்ணின் மேடுகள் மொத்தம் 13, சுமார் 3.3 கோடி டன். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். தினசரித் தொல்லை தூசிதான். காற்றுக் காலத்தில் நைஸான மண் பறந்து சோற்றுப் பானை வரைக்கும் வந்து படியும். இது படிகக்கல் மாவு என்பதை மறக்கக் கூடாது. சுரங்கத்துக்குள் போகாத பெண்களும் குழந்தைகளும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். மழையில் கரைந்து வயலுக்கும் ஓடைக்கும் போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது சினிமாப் பாட்டில் பார்த்த அழகான மணல்மேடு. போட்டோ எடுக்க வருகிறவர்கள் மழைக்காலத்தில் ஏறாதீர்கள், சேறு காலை விழுங்கிவிடும்.

மறுபடியும் சுரங்கம் திறப்பார்களா?

ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கேள்வி எழும். 2013-ல் உச்ச நீதிமன்றம் உலக டெண்டருக்கு வழி விட்டது. தாங்களே கூட்டுறவு அமைத்து நடத்துகிறோம் என்று முன்னாள் தொழிலாளர்கள் நெடுநாள் கேட்டார்கள். ஆழத்துக்குள் மறுபடி இறங்குவது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே இருக்கும் மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் எஞ்சியிருக்கிறது. தங்கம் விற்கும் விலையில் அதையே மறுபடி அரிக்கலாம் என்பதுதான் இப்போதைய திட்டம். ஏறக்குறைய 1,000 ஏக்கரில் உள்ள அந்த 13 மேடுகளுக்கான மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதித்தது.

அப்படி நடந்தால் தூசி போகும் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள், கிளறினால் இன்னும் பறக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் கேள்வி வேறு. லைன் வீட்டில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்குப் பட்டா விவகாரம் முழுசாகத் தீரவில்லை, காலடி மண் இன்னும் நிறுவனத்தின் நிலம். மேட்டு மண்ணுக்கு விலை பேசுவதற்கு முன்னால் வீட்டு மண்ணை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

வந்து பார்க்க என்ன இருக்கிறது?

சுரங்கத்துக்குள் போக முடியாது. ஷாஃப்டுகளின் இரும்புக் கோபுரங்கள் வெளியே இருந்தே தெரியும். வேலிக்குள் நுழைய வேண்டாம், நிலம் எங்கே உள்வாங்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது, 108 அடி லிங்கத்தைப் பார்க்கக் கூட்டம் வரும்.

நேரம் இருந்தால் பெங்களூரிலிருந்து மாலை ரயிலில் வாருங்கள். வேலை முடிந்து திரும்புகிறவர்கள் நிறைந்த பெட்டியில் ஏறுங்கள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய்த் தெலுங்கில் முடிகிற பேச்சைக் கேட்கலாம். பக்கத்தில் வயசானவர் யாராவது உட்கார்ந்திருந்தால், "ஐயா, நீங்க எந்த ஷாஃப்ட்?" என்று கேளுங்கள். மாரிகுப்பம் வரும்வரை பேசிக்கொண்டே வருவார்.